மூடிவைத்த மடிக்கணினியின் இரவுக் கணக்கு: ‘ஸ்லீப் ஸ்டடி’ அறிக்கை பற்றி ஒரு மதிப்புரை

இரவு பதினொரு மணிக்கு மூடிவைத்தபோது 92 சதவீதம் காட்டிய பேட்டரி, காலை ஆறரை மணிக்குத் திறந்தபோது 64 காட்டியது. அந்த ஏழரை மணி நேரமும் மடிக்கணினி மேசைமேல்தான் இருந்தது, சார்ஜர் செருகப்படவில்லை, யாரும் அதைத் தொடவில்லை. ஈரோட்டிலிருந்து பவானிக்கும் கோபிக்கும் கணக்குத் தணிக்கைக்காகப் போய்வரும் எனக்கு இது வெறும் எரிச்சல் அல்ல, வேலைத் தடை. ஜமக்காளம் நெய்யும் கூடங்களில் கணக்கு நோட்டுகள் அடுக்கியிருக்கும் மூலையில் பிளக் பாயின்ட் இருக்கும் என்று நம்ப முடியாது. இருந்தாலும், பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளாக அது அமைந்துவிட்டால் மாலை வரை பேட்டரியை நம்பித்தான் உட்கார வேண்டும். காலையிலேயே மூன்றில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை நடக்காது.

மடிக்கணினி வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. பழுதுபார்க்கும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்தவர் அதைத் திறந்து, ஒரு சோதனையை ஓட்டி, ஐந்து நிமிடத்தில் ‘பேட்டரி வீக்’ என்று சொல்லி, புதிய பேட்டரிக்கு 7,400 ரூபாய் என்று விலைப்புள்ளி எழுதிக் கொடுத்தார். எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “மேடம், பேட்டரியை மாத்தறதுக்கு முன்னாடி, அது ராத்திரி தூங்குச்சாங்கறதைப் பாத்துரலாங்க” என்றான். அப்படித்தான் ஸ்லீப் ஸ்டடி என்ற பெயரே எனக்கு அறிமுகமாயிற்று. விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே இருக்கிற, பத்துப் பைசா செலவில்லாத, ஆனால் எந்தப் பட்டியலிலும் கண்ணில் படாத இந்த அறிக்கையை ஒரு மாதமாகப் பயன்படுத்திவருகிறேன். கணக்குப் புத்தகங்களைப் படித்தே பிழைப்பவள் என்பதால், இதையும் ஒரு கணக்குப் புத்தகமாகவே பாவித்து என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்தோடு சேர்த்தே தரும் ஒரு வசதி இது. தனியாகப் பதிவிறக்க வேண்டியதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘பவர்’ என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளை இடைவெளியின்றி ஒட்டி, பின்பு ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்து என்டர் தட்ட வேண்டும். சில நொடிகளில் ஒரு எச்டிஎம்எல் கோப்பு உருவாகும். அதைக் குரோமிலோ எட்ஜிலோ திறந்து படிக்கலாம். இயல்பாகக் கடைசி மூன்று நாள் கணக்கைத் தரும். நாள் எண்ணிக்கையைக் கட்டளையிலேயே சேர்த்துக் கொடுத்தால் 28 நாள்வரை பின்னோக்கிப் போகும்.

இங்கேயே முதல் குறையையும் சொல்ல வேண்டும். நிர்வாகி உரிமையோடு திறந்த ஜன்னல் விண்டோஸின் ‘சிஸ்டம் 32’ கோப்புறையில் நிற்பதால், அறிக்கையும் அங்கேயே போய் விழுந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவில் அதைத் தேடி எடுப்பது, வைக்கோல் போரில் மோதிரத்தைத் தொலைத்த கதைதான். கட்டளை முடிந்ததும் கோப்பு இருக்கும் முழு முகவரியை அது ஒரு வரியில் சொல்கிறது. அந்த வரியை நகலெடுத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் முதல் நாளே கைவிட்டுவிடுவார்கள். ஆவணங்கள் கோப்புறையிலோ முகப்புத் திரையிலோ வைத்திருந்தால் என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

அறிக்கையைப் படிக்கும் முன், அது எதை அளக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்களுக்கு, நேற்றுவரை எனக்கும், ஒரு பழைய நினைப்பு குறுக்கே நிற்கிறது. மடிக்கணினியை மூடினால் அது ‘தூங்குகிறது’ என்று நினைக்கிறோம். ஏறக்குறைய பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்வரை அந்த நினைப்பு சரியாகவே இருந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஏசிபிஐ என்ற தர வரையறை, கணினியின் விழிப்பையும் உறக்கத்தையும் நிலைகளாகப் பிரித்து எண் கொடுத்தது. எஸ் 0 என்றால் முழு விழிப்பு. எஸ் 3 என்றால் நாம் அறிந்த உறக்கம்: செயலி (பிராசசர்) அணைந்துவிடும், வட்டு அணைந்துவிடும், திறந்திருந்த வேலையை நினைவில் வைத்திருப்பதற்காக ராம் மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். எஸ் 4 என்பது ஹைபர்னேட். ராமில் உள்ளதை வட்டில் எழுதிவைத்துவிட்டு மொத்தமாக அணைந்துவிடும் நிலை. எஸ் 5 என்றால் ஷட் டவுன்.

கைப்பேசிகள் வந்து நம் பொறுமையைக் கெடுத்துவிட்டன. பொத்தானைத் தொட்டதும் திரை எரிய வேண்டும், மூடியிருந்தபோது வந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இறங்கியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கணினிமேலும் ஏறியது. 2012இல் விண்டோஸ் 8 ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2015இல் விண்டோஸ் 10 அதை விரித்து ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்று பெயரிட்டது. இது எஸ் 3 அல்ல. எஸ் 0 நிலைக்குள்ளேயே, திரையை மட்டும் அணைத்துவிட்டு, முடிந்தவரை எல்லா உறுப்புகளையும் சும்மா இருக்கச் சொல்லும் ஏற்பாடு. வீட்டில் எல்லோரும் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடியிருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் உறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் அசையாமல் கிடந்தால் செலவு மிகக் குறைவு; ஒருவர் எழுந்து விளக்கைப் போட்டால் போதும், மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். அப்படி எழுந்தவர் யார் என்று காட்டிக்கொடுப்பதுதான் ஸ்லீப் ஸ்டடியின் வேலை.

உங்கள் கணினி எந்த வகை என்பதையும் அதே கட்டளைதான் சொல்லும். ‘ஸ்லீப்ஸ்டடி’ என்பதற்குப் பதிலாக ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்தால், இந்தக் கணினியில் இருக்கிற உறக்க நிலைகள் எவை, இல்லாதவை எவை, ஏன் இல்லை என்று ஒரு சிறு பட்டியல் வரும். என்னுடையதில் ‘எஸ் 0 லோ பவர் ஐடில்’ இருந்தது, ஹைபர்னேட் இருந்தது. எஸ் 3க்கு நேரே, கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளோடு சேர்ந்தே வரும் அடிப்படை மென்பொருள்) அதை ஆதரிக்கவில்லை என்று இருந்தது. கடந்த சில ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும் இதே பதிலைத்தான் எதிர்பார்க்கலாம்.

இனி என் கணக்குக்கு வருகிறேன். ஸ்லீப் ஸ்டடியின் உடன்பிறப்பாக ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்று ஒன்று இருக்கிறது. அதே கட்டளையில் அந்தப் பெயரைக் கொடுத்தால் வரும். பேட்டரி உண்மையிலேயே வீக்கா என்பதை முதலில் அதில் பார்த்தேன். தொழிற்சாலையில் வடிவமைத்த கொள்ளளவு 56,000 மில்லிவாட்-மணி (பேட்டரியில் நிற்கும் மின்சாரத்தை அளக்கும் அலகு). இன்று முழுதாக ஏற்றினால் நிற்கும் அளவு 49,300. அதாவது 88 சதவீதம். இரண்டரை ஆண்டு, நாள்தோறும் பயணம், கொங்கு நாட்டு வெயில் ஆகியவற்றைப் பார்த்தால் இது கௌரவமான தேய்மானம்தான். எந்தத் தணிக்கையாளரும் மறுப்புச் சொல்லாமல் ஒப்புக்கொள்வார்.

இப்போது இரவு இழப்பைப் பாருங்கள். 92இலிருந்து 64 என்றால் 28 சதவீதம். 49,300இல் 28 சதவீதம் என்றால் ஏறக்குறைய 13,800 மில்லிவாட்-மணி. பழுதுபார்ப்பவர் சொன்னபடி 7,400 ரூபாய் கொடுத்துப் புத்தம்புதுப் பேட்டரியை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணினி அதே 13,800ஐத் தின்றிருக்கும். 56,000இல் அது கிட்டத்தட்ட 25 சதவீதம். காலையில் 64க்குப் பதிலாக 67 காட்டியிருக்கும். குழாய் ஒழுகும்போது தொட்டியை மாற்றிய கதையாக முடிந்திருக்கும். இந்தப் பெருக்கல் கணக்கைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேட்டரியின் வயதும் உறக்கத்தில் போகும் சார்ஜும் இரண்டு தனித்தனிக் கணக்குகள். இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதியதால்தான் எனக்குத் தவறான விலைப்புள்ளி வந்தது.

ஏழரை மணி நேரத்தில் 13,800 என்றால் சராசரியாக 1,840 மில்லிவாட், சுருக்கமாக 1.8 வாட். மூடிவைத்த கணினி நன்றாக அடங்கியிருந்தால் அரை வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவுகோல். ஆகவே ஏறக்குறைய 1.3 வாட் எங்கோ போயிருக்கிறது. அது போன இடம் தெரிய வேண்டும்.

அறிக்கையின் மேலே கணினியின் மாதிரி, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர்) பதிப்பு, இயங்குதள எண் முதலியவை வருகின்றன. அதன் கீழே, நாள்களின் ஓட்டத்தில் பேட்டரி ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டுப்படம். அதற்கும் கீழே இருக்கும் அட்டவணைதான் உயிர். ஒவ்வொரு முறை கணினியை மூடித் திறந்ததும் ஒரு வரி. தொடங்கிய நேரம், நீடித்த நேரம், போன மின்சாரம் மில்லிவாட்-மணியிலும் சதவீதத்திலும், மணிக் கணக்கில் வீதம், சார்ஜரில் இருந்ததா பேட்டரியில் இருந்ததா என்பது, கடைசியாகத் தாழ்நிலையில் கழித்த நேரத்தின் சதவீதம். இந்தக் கடைசிக் கட்டத்தில் ‘எஸ்டபிள்யூ’ என்றும் ‘எச்டபிள்யூ’ என்றும் இரண்டு எண்கள் இருக்கும். மென்பொருள் அடங்கியிருந்த நேரம் முதலாவது. வன்பொருள் உண்மையிலேயே ஆழ்ந்த நிலைக்கு இறங்கிய நேரம் இரண்டாவது.

என் இரவின் வரியில் எஸ்டபிள்யூ 97 சதவீதம், எச்டபிள்யூ 2 சதவீதம்.

இதைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு இந்த அறிக்கைமேல் மரியாதை வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ரொக்கப் புத்தகமும் வங்கி அறிக்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் தணிக்கையாளர் விரலை வைப்பார். இங்கே இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒன்று 97 என்றும் மற்றொன்று 2 என்றும் சொல்கின்றன. மென்பொருள்களெல்லாம் ஒழுங்காக அடங்கிவிட்டன. ஆகவே எந்த மென்பொருளை நீக்கலாம், எதை நிறுத்தலாம் என்று அலைவதில் பயனில்லை. ஏதோ ஓர் உறுப்பு, ஒரே ஓர் உறுப்பு, இரவு முழுதும் விழித்திருந்து மொத்த வன்பொருளையும் ஆழத்துக்கு இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த வரியைச் சொடுக்கினால் அந்த இரவுக்கான விவரப் பகுதி திறக்கிறது. அங்கே ‘டாப் அஃபெண்டர்ஸ்’ என்று ஒரு பட்டியல். அதிகம் விழித்திருந்தவை முதலில், குறைவாக விழித்திருந்தவை பிறகு. நிறத்தாலும் வேறுபடுத்தியிருக்கிறார்கள். என் பட்டியலின் தலையில் சிவப்பாக நின்றது யுஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர், அதாவது யுஎஸ்பி துளைகளைக் கவனிக்கும் உறுப்பு. அதன் விழிப்பு நேரம் நூற்றை ஒட்டி. அதற்கு வெகு கீழே வைஃபை. மற்றவையெல்லாம் சில்லறை.

மடிக்கணினியின் இடப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே வருமான வரிப் படிவங்களில் கையொப்பமிடப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய அந்தத் துண்டு, எப்போதும்போலச் செருகியபடியே இருந்தது. சிறிய பச்சை விளக்கு ஒன்று அதன் நுனியில் உண்டு. கணினியை மூடி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அந்தப் பச்சை விளக்கு அணையவில்லை. மாதக்கணக்கில் என் கண்ணெதிரிலேயே எரிந்திருக்கிறது. பாதுகாப்பு முறைப்படி அதை வேலை முடிந்ததும் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்வது வழக்கம் என்பதையும், கொஞ்சம் வெட்கத்தோடு, இங்கே பதிவு செய்கிறேன். யுஎஸ்பி துளையில் ஒரு பொருள் தொடர்ந்து விழித்திருந்தால் அதற்கு மின்சாரமும் கவனமும் கொடுக்கும் கன்ட்ரோலர் உறங்க முடியாது. கன்ட்ரோலர் உறங்காவிட்டால் அதைச் சார்ந்த சிப்செட் (உறுப்புகளை இணைக்கும் சில்லுத் தொகுதி) ஆழத்துக்கு இறங்காது. ஒரு துண்டுப் பொருள் குடிப்பது சொற்பம்தான். அது மற்றவர்களை எழுப்பி வைத்திருப்பதுதான் செலவு.

ஊகத்தை உறுதிசெய்ய மூன்று இரவு சோதித்தேன். ஒவ்வொரு இரவும் 92 சதவீதத்தில், சார்ஜரைப் பிடுங்கி, பதினொரு மணிக்கு மூடி, ஆறரைக்குத் திறந்தேன். முதல் இரவு டோக்கனை மட்டும் எடுத்துவிட்டேன்: காலையில் 81, சராசரியாகச் சுமார் 720 மில்லிவாட். இரண்டாம் இரவு டோக்கனையும் எடுத்து, மூடும் முன் ஏரோபிளேன் மோடையும் போட்டேன்: காலையில் 87, சுமார் 330 மில்லிவாட், எச்டபிள்யூ எண் 2இலிருந்து 96ஆக ஏறியிருந்தது. மூன்றாம் இரவு, வேண்டுமென்றே, ஏரோபிளேன் மோடில் டோக்கனைத் திரும்பச் செருகினேன்: காலையில் 67. இந்த மூன்றாம் இரவு தேவையா என்று பயிற்சித் தம்பி கேட்டான். முதல் இரண்டு இரவிலும் எண் நல்லபடியாக மாறியது என்பதற்காக ஊகம் சரி என்று எழுதிவிட முடியாது. குற்றவாளியைத் திரும்ப உள்ளே விட்டு, இழப்பு திரும்ப வருகிறதா என்று பார்த்தால்தான் முழு நிரூபணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கும் முக்கியம். ஒரே இரவில் ஏழெட்டு அமைப்புகளை மாற்றிவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல், அடுத்த புதுப்பித்தலில் எல்லாம் பழையபடி ஆனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வைஃபை கணக்கையும் முடித்துவிடுகிறேன். மாடர்ன் ஸ்டாண்ட்பையில் கணினி மூடியிருக்கும்போதும் வலைத்தொடர்பு உயிரோடு இருக்கலாம். மின்னஞ்சலும் அறிவிப்புகளும் வந்துகொண்டிருக்கும். கைப்பேசி பக்கத்திலேயே இருக்கிற எனக்கு, இரவு இரண்டு மணிக்கு மூடிய மடிக்கணினிக்குள் ஒரு மின்னஞ்சல் வந்து சேர்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சில கணினிகளில் பவர் பிளானின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ‘உறக்கநிலையில் வலைத்தொடர்பு’ என்ற பொருள்படும் ஒரு தேர்வு இருக்கும். பேட்டரியில் ஓடும்போது அதை நிறுத்திவிடலாம். என் கணினியில் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்ததால் தம்பி ஒரு கட்டளை கொடுத்து நிறுத்தினான். தினமும் ஏரோபிளேன் மோடு போடுவதாலும் அதே பலன்தான். மறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

இத்தனையும் செய்தபின் என் கடைசி ஏற்பாடு ஹைபர்னேட். மூடி இரண்டு மணி நேரம் ஆனதும் தானாக ஹைபர்னேட்டுக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். மதியம் சாப்பிடப் போய் வந்தால் உடனே விழிக்கும்; இரவில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு செலவு ஏறக்குறைய நின்றுவிடும். காலையில் இப்போது 90 காட்டுகிறது. திறந்து வேலைக்கு வர இருபது நொடி கூடுதலாகிறது. அதற்குள் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஹைபர்னேட்டுக்காக விண்டோஸ் வட்டில் ஒரு கோப்பை ஒதுக்குகிறது. இயல்பில் அதன் அளவு ராமில் 40 சதவீதம், அதாவது 16 ஜிபி ராம் உள்ள என் கணினியில் ஏறத்தாழ 6.4 ஜிபி. 512 ஜிபி வட்டில் அது பொருட்டல்ல. 128 ஜிபி வட்டு வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். பவர் பட்டியலில் ஹைபர்னேட் என்ற சொல்லே பல கணினிகளில் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் பொத்தான் அமைப்புகளுக்குள் போய் டிக் அடித்தால்தான் வரும்.

பையில் வைத்த கணினி சூடாக இருப்பதும் இதே நோயின் இன்னோர் அறிகுறி. பேருந்தில் மடியில் பையை வைத்திருந்தபோது இளஞ்சூடு தட்டியதை வெயில் என்று நினைத்திருந்தேன். உறங்காத கணினியை, காற்று போகாத பஞ்சு வைத்த உறைக்குள் திணித்தால் சூடு வெளியேற வழியில்லை. லித்தியம் அயான் பேட்டரியைச் சீக்கிரம் முதுமை அடையச் செய்வதில் சூட்டுக்கு நிகர் வேறொன்றில்லை. ஆகவே இரவு இழப்பைக் கவனிக்காமல் விட்டால், ‘பேட்டரி வீக்’ என்ற அந்தத் தவறான தீர்ப்பே சில ஆண்டுகளில் உண்மையாகிவிடும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் மாடர்ன் ஸ்டாண்ட்பை போய்ப் பழைய எஸ் 3 திரும்பிவிடும் என்று ஒரு வைத்தியம் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஃபர்ம்வேரில் எஸ் 3 இருந்து, அது மறைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது பலிக்கும். ஃபர்ம்வேரிலேயே இல்லாத கணினியில் அதைச் செய்தால், இருக்கிற உறக்கமும் போய், பட்டியலில் ஸ்லீப் என்ற சொல்லே காணாமல் போகும். முதலில் ‘ஏ’ கட்டளை தரும் பட்டியலைப் படியுங்கள் என்று நான் மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். பயாஸிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விடும் மடிக்கணினிகளும் உண்டு. லெனோவோவின் திங்க்பேட் வரிசையில் சில மாதிரிகளில் ‘லினக்ஸ்’ என்று குறிக்கப்பட்ட உறக்கநிலைத் தேர்வு எஸ் 3தான். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஸ்லீப் ஸ்டடி கிடையாது என்றாலும், ‘மெம் ஸ்லீப்’ என்ற சிறு கோப்பைத் திறந்தால் ‘டீப்’ (எஸ் 3), ‘எஸ்2ஐடில்’ (எஸ் 0க்குள்ளேயே அடங்கும் வகை) என்ற இரண்டில் எது நடைமுறையில் இருக்கிறது என்பது அடைப்புக்குறிக்குள் தெரியும்.

இனி அறிக்கையின் குறைகள். முதலாவது மொழி. ஆங்கிலம் என்பதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் அறிந்தவருக்கும் அது அந்நிய மொழிதான். உறுப்புகளின் பெயர்களில் பாதி, பொறியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறியீடுகள். ‘யுஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர்’ என்பதாவது புரிந்தது. அதன் கீழே இருந்த ஒரு வரி அடைப்புக்குறிகளும் புள்ளிகளுமாக, சிறுதொழில் மானிய விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் போல இருந்தது.

இரண்டாவது, அது வாசலைக் காட்டுகிறதே தவிர வீட்டுக்குள் இருப்பவரைக் காட்டுவதில்லை. யுஎஸ்பி கன்ட்ரோலர் என்றுதான் சொன்னதே ஒழிய டோக்கன் என்று சொல்லவில்லை. என் கணினியில் வெளியே செருகியிருந்தது ஒன்றுதான் என்பதால் தப்பித்தேன். கேமரா, விரல்ரேகை உணரி, புளூடூத் போன்ற உள்ளுறுப்புகளும் உள்ளே யுஎஸ்பி வழியாகவே இணைந்திருப்பது பல கணினிகளில் வழக்கம். அவற்றில் ஒன்று குற்றவாளியாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொன்றாக முடக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவைச் செலவிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பரிகாரம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. சிவப்பாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. பொறியாளர்களுக்கென்று செய்யப்பட்ட கருவி என்பதால் அதை மன்னிக்கலாம். ஆனால் அதே நிறுவனத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில், ‘நேற்று இரவு உங்கள் கணினி சரியாக உறங்கவில்லை’ என்று ஒரே ஒரு அறிவிப்பு வைத்தால் எத்தனை பேட்டரிகள் குப்பைக்குப் போகாமல் தப்பும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இன்னொன்று, பத்து நிமிடத்துக்குக் குறைந்த உறக்கத்துக்கு விவரம் எதிர்பார்க்க வேண்டாம். முழுதாக அணைத்துவைத்த கணினியிலும் சார்ஜ் குறைகிறது என்றால், எந்த உறுப்பு அதைத் தின்றது என்று இந்த அறிக்கையால் சொல்ல இயலாது. கணக்கு எழுத அப்போது இயங்குதளம் விழித்திருக்காது. கோபியில் ஒரு வாடிக்கையாளருக்கு இந்தத் தொல்லை இருந்தது. அவருடைய கணினி அணைந்திருந்தாலும் கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றித் தரும் யுஎஸ்பி துளை ஒன்று பயாஸில் திறந்துவிடப்பட்டிருந்தது; அதை நிறுத்தியதும் சரியாயிற்று. அதைக் கண்டுபிடிக்க ஸ்லீப் ஸ்டடி உதவவில்லை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த எஸ்டபிள்யூ, எச்டபிள்யூ என்ற இரண்டு எண்களுக்காகவே மூன்று. விலையில்லாமல் விண்டோஸிலேயே ஏற்கெனவே இருப்பதற்கு ஒன்று. சிஸ்டம் 32க்குள் ஒளித்துவைத்ததற்கும் மொழிக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். வாங்கி ஓராண்டுகூட ஆகாத கணினியில் இரவு இழப்பு இருப்பவர்கள், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் இந்த அறிக்கையை எடுத்து அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவது நல்லது. ‘சும்மாவே சார்ஜ் இறங்குது’ என்ற வாய்ப்பேச்சைத் தட்டிக்கழிப்பது எளிது, நேரமும் மில்லிவாட்டும் எழுதிய தாளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஐந்தாறு ஆண்டு பழைய பேட்டரியில் முழுக் கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

அந்த 7,400 ரூபாய் விலைப்புள்ளியில் ‘முப்பது நாள்வரை செல்லும்’ என்று கீழே எழுதியிருந்தது. நேற்றோடு அது காலாவதியானது. டோக்கன் இப்போது பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியில், பூட்டுக்குள் இருக்கிறது.